லிட்டருக்கு 9-லிருந்து 12: என் பழைய எம்எக்ஸ்-5க்கு மைலேஜ் திரும்பிய கதை

பெட்ரோல் முள் கால் பங்குக்கு இறங்கியிருந்தது. டிரிப் மீட்டர் 305 காட்டியது. 45 லிட்டர் டேங்க்கில் கிட்டத்தட்ட 33 லிட்டர் போய்விட்டது என்றால் லிட்டருக்கு 9 கிலோமீட்டர் சொச்சம்தான். ஒரு டன் எடைகூட இல்லாத, இரண்டே பேர் உட்காரும் ஒரு சின்ன காருக்கு இது நியாயமே இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

கார் 1991 மாடல் மஸ்டா எம்எக்ஸ்-5. 1989-இல் வெளிவந்த முதல் தலைமுறை, ஹெட்லைட் மேலே எழும்பி மடங்கும் ரகம். 1.6 லிட்டர், 16 வால்வு, ஐந்து கியர், பின்சக்கர இழுவை. “பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் குடிக்கத்தான் செய்யும்” என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் இரண்டு வருடம் அதை அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் குடிப்பது வேறு, சிந்துவது வேறு. இந்த கார் எவ்வளவு குடிக்கிறது, எவ்வளவு சிந்துகிறது என்று பிரித்துப் பார்க்க எனக்கு நாலைந்து மாதம் பிடித்தது. அதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் செய்தது, காருக்கு அடியில் படுத்து எங்காவது பெட்ரோல் கசிகிறதா என்று பார்த்தது. முப்பது வருட ரப்பர் குழாய்களை நம்பக் கூடாது. டேங்க்கிலிருந்து ஃபில்டர் வரை, ஃபில்டரிலிருந்து இன்ஜெக்டர் ரெயில் வரை விரலால் தடவி, முகர்ந்து பார்த்தேன். கசிவு இல்லை. இதைப் பார்க்காமல் வேறு எதையும் தொடாதீர்கள். இது மைலேஜ் விஷயம் அல்ல, தீ விஷயம்.

அப்புறம் அளவு. டேங்க்கை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கி, ஓட்டி, மறுபடி நிரப்பி, கிலோமீட்டரை லிட்டரால் வகுப்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான். சிக்கல் என்னவென்றால் பம்ப்பின் துப்பாக்கி எந்த இடத்தில் ‘டக்’ என்று நிற்கிறது என்பது ஒவ்வொரு தடவையும் மாறும். ஒரு லிட்டர் முன்னே பின்னே ஆனால், 33 லிட்டரில் அது 3 சதவீதம். அதனால் எப்போதும் ஒரே பம்ப், ஒரே பக்கம், முதல் ‘டக்’குக்கு மேல் ஒரு சொட்டும் கிடையாது என்று வைத்துக்கொண்டேன். ஒரு டேங்க்கின் எண்ணைத் தனியாக நம்புவதில்லை, இரண்டு மூன்று டேங்க்குகளைச் சேர்த்துத்தான் வகுப்பேன். அதில் ஒரு வசதி உண்டு. நடுவில் ஒருமுறை கூடுதலாக நிரம்பிவிட்டால் அடுத்த தடவை அந்த அளவு குறைந்துவிடும், கூட்டுத்தொகையில் தவறு தானாக அடிபட்டுப் போகும். முதல் நிரப்பும் கடைசி நிரப்பும் சரியாக இருந்தால் போதும்.

மூன்று டேங்க் ஓட்டினேன். 318 கிலோமீட்டருக்கு 33.4 லிட்டர், 287-க்கு 31.2, 334-க்கு 34.1. மொத்தம் 939 கிலோமீட்டர், 98.7 லிட்டர். லிட்டருக்கு 9.5.

இந்த எண்ணும் பொய் என்று அடுத்த வாரம் தெரிந்தது. காரை எனக்கு முன்னால் வைத்திருந்தவர் 15 அங்குல அலாய் வீல் போட்டிருந்தார். டயர் 195/45 ஆர்15. தொழிற்சாலையிலிருந்து வந்த அளவு 185/60 ஆர்14. இரண்டின் விட்டத்தையும் தாளில் போட்டுப் பார்த்தேன். பழைய டயர் 577.6 மில்லிமீட்டர், இப்போதிருப்பது 556.5. வீல் பெரிதாகிவிட்டது, டயர் சிறிதாகிவிட்டது. சின்ன டயர் அதே தூரத்துக்கு அதிகம் சுற்றும். இந்த கார் கிலோமீட்டரை எண்ணுவது கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிளின் சுற்றை வைத்துத்தான். ஆக, ஓடாத தூரத்தையெல்லாம் மீட்டர் ஓடியதாகக் காட்டிக்கொண்டிருந்தது. ஜிபிஎஸ் வைத்து நேர் சாலையில் சரிபார்த்தேன். உண்மையில் 50 கிலோமீட்டர் போனபோது மீட்டர் 51.9 காட்டியது. கணக்கும் அதையேதான் சொன்னது. அன்றிலிருந்து மீட்டரில் வரும் எண்ணை 0.963-ஆல் பெருக்கித்தான் நோட்டில் எழுதுகிறேன். (ஸ்பீடோமீட்டர் முள் எப்போதுமே கொஞ்சம் கூட்டிக் காட்டும்படிதான் அமைக்கப்படும். அதை வைத்து தூரத்தைத் திருத்தக் கூடாது. தூரத்தைத் தூரத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.)

திருத்திய பிறகு 904 கிலோமீட்டர். லிட்டருக்கு 9.16. பழுது எதையும் தொடுவதற்கு முன்பே மைலேஜ் இன்னும் கீழே போய்விட்டது. வருத்தம்தான், ஆனாலும் காலுக்குக் கீழே தரை கிடைத்த மாதிரி இருந்தது.

நோட்டில் இன்னொரு பத்தியும் சேர்த்தேன்: 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர். நமக்கு லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்றுதான் வாயில் வரும். பழுதுகளைத் தனித்தனியாக எடை போட அது உதவாது. 9-லிருந்து 10-க்கு ஏறுவதும் 12-லிருந்து 13-க்கு ஏறுவதும் ஒன்றுபோல் தோன்றும். முதலாவதில் 100 கிலோமீட்டருக்கு 1.1 லிட்டர் மிச்சம், இரண்டாவதில் 0.64 மட்டும்தான். என் தொடக்கப் புள்ளி 100 கிலோமீட்டருக்கு 10.9 லிட்டர்.

இந்த வயது காரில் ஸ்கேனர் சொருகிப் படிக்க இடம் கிடையாது. பானெட்டுக்குள் ஒரு சின்ன கறுப்பு டயக்னோசிஸ் பெட்டி இருக்கும், அதில் ஒயர் வைத்து விளக்கு மின்னுவதை எண்ணலாம், அவ்வளவுதான். மின்னுவதை எண்ணினேன், எந்தப் பழுதுக் குறியீடும் வரவில்லை. சரி, கண், காது, கை, ஒரு மல்டிமீட்டர், ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் என்று இறங்கினேன்.

முதல் சந்தேகம் வெப்பநிலை முள்மேல். அது என்றைக்குமே பாதிக்குச் சற்றுக் கீழேதான் நிற்கும், நீண்ட இறக்கத்தில் இன்னும் சரியும். என்ஜின் சூடாகாமல் ஓடுகிறது என்று நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதிதான் தவறு. என்ஜின் தேவையான சூட்டுக்கு வரவில்லை என்றால் இசியு (என்ஜினை நடத்தும் சின்ன கணினி) அதை இன்னும் காலையில் கிளப்பிய வண்டியாகவே நினைத்துக்கொண்டு கூடுதல் பெட்ரோல் தெளிக்கும். குளிர்ந்த உலோகச் சுவரில் பெட்ரோல் ஆவியாகாமல் ஒட்டிக்கொள்ளும் என்பதால்தான் அந்த ஏற்பாடு. புகையை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சரைப் பார்த்து பெட்ரோல் அளவைத் திருத்தும் வேலையையும் சூடேறும் வரை அது ஒழுங்காகச் செய்யாது. எண்ணெயும் கெட்டியாகவே இருக்கும், உராய்வு கூடும்.

என்ஜின் சூடேறும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து அதன் மூடிமேல் தெர்மாமீட்டரை நீட்டினேன். 41 டிகிரி என்றது. கை வைக்க முடியாத சூட்டில் 41 எப்படி? அலுமினியம் பளபளப்பாக இருந்தால் இந்தக் கருவி ஏமாந்துவிடும். மூடிமேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அந்த டேப்பைப் பார்த்து அளந்தேன். 63. அதுதான் உண்மை. 88 டிகிரியில் திறக்க வேண்டிய தெர்மோஸ்டாட் இருக்கிற இடத்தில் 63.

மறுநாள் காலை என்ஜின் நன்றாக ஆறியிருந்தபோது கூலன்ட்டை ஒரு தொட்டியில் பிடித்துக்கொண்டு (மண்ணில் விடக் கூடாது, இனிப்பாக இருப்பதால் நாய் பூனை நக்கிவிடும், அது விஷம்) மூடியின் இரண்டு போல்ட்டுகளையும் கழற்றினேன். தெர்மோஸ்டாட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால், குளிர்ந்த நிலையில் இறுக மூடியிருக்க வேண்டிய வால்வுக்கும் அதன் வட்ட விளிம்புக்கும் நடுவே என் கட்டைவிரல் நகம் நுழைந்தது. விளிம்பில் பழுப்பு நிறத்தில் ஒரு படிவு, ஸ்பிரிங் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பழையதையும் புதியதையும் ஒரே பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் தொங்கவிட்டுக் காய்ச்சினேன். புதியது 88-ஐத் தொட்டதும் மெல்ல அசைந்து, தண்ணீர் கொதிக்கும்போது சுமார் 8 மில்லிமீட்டர் திறந்து நின்றது. பழையது தொடக்கத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. புதியதை மாட்டும்போது அதிலுள்ள சின்ன ஆடும் ஊசி மேல்பக்கம் இருக்க வேண்டும், காற்று அந்த வழியாகத்தான் வெளியேறும். ஹீட்டரைச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடி ஓடவிட்டு, குமிழி நின்ற பிறகு மூடினேன்.

அடுத்த இரண்டு டேங்க்: திருத்திய கணக்கில் 612 கிலோமீட்டர், 61.6 லிட்டர். லிட்டருக்கு 9.9. நூறு கிலோமீட்டருக்கு 10.1 லிட்டர். இருப்பதிலேயே மலிவான உதிரிபாகம் ஒன்று, இரண்டு போல்ட், ஒரு காலை நேரம்.

இன்னும் பிளக் முனைகள் கரி பூசிய மாதிரிதான் இருந்தன. சைலன்சர் வாயில் விரல் வைத்தால் மை ஒட்டியது. அதிகப் பெட்ரோல் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

இந்த 1.6 என்ஜினில் ஒரே ஒரு ஆக்ஸிஜன் சென்சர், ஒற்றை ஒயர். தனி ஹீட்டர் கிடையாது, புகையின் சூட்டில்தான் அது விழிக்கும். நல்ல சென்சர் என்றால், என்ஜின் சூடான பிறகு அதன் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். நடுக்கோடு 0.45. அதற்கு மேலே என்றால் பெட்ரோல் அதிகம், கீழே என்றால் குறைவு. இசியு இரண்டு பக்கமும் தட்டித் தட்டி நடுவில் வைத்திருக்கும். கனெக்டரின் பின்பக்கமாக ஒரு குண்டூசியை நுழைத்து, மல்டிமீட்டரின் ஒரு முனையை அதிலும் மற்றதை என்ஜின் உலோகத்திலும் வைத்து, 2,500 ஆர்பிஎம்மில் பிடித்துக்கொண்டு பார்த்தேன். 0.2-லேயே நின்றது. ஆக்ஸிலரேட்டரைச் சடாரென்று மிதித்தால் 0.8-க்குத் துள்ள வேண்டும். சோம்பலாக எழுந்து 0.5 வரை வந்து திரும்ப விழுந்தது. பாதி உயிர். முழுதாகச் செத்திருந்தால் எச்சரிக்கை விளக்காவது எரிந்திருக்கும். இது எப்போதும் “பெட்ரோல் போதவில்லை, போதவில்லை” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது, இசியு அதை நம்பி ஊற்றிக்கொண்டே இருக்கிறது.

இங்கே அவசரப்பட்டுச் சென்சரை வாங்கிவிடாதீர்கள். அது பார்ப்பது பெட்ரோலை அல்ல, புகையில் மிஞ்சிய ஆக்ஸிஜனை. சென்சருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கேஸ்கெட் ஓட்டையாகி வெளிக்காற்று உள்ளே போனாலும், ஒரு பிளக் சரியாக எரியாமல் ஆக்ஸிஜன் அப்படியே வெளியேறினாலும், அது இதே “போதவில்லை” பாட்டைத்தான் பாடும். அப்போது சென்சர்மேல் குற்றம் இல்லை. குளிர்ந்த என்ஜினைக் கிளப்பி, மேனிஃபோல்டு இணைப்புகளில் காது கொடுத்துக் கேட்டேன். புஸ் புஸ் சத்தம் இல்லை. கரிக்கோடும் இல்லை. பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ரெசிஸ்டன்ஸ் பார்த்தேன், சரியாக இருந்தன. அதற்குப் பிறகுதான் சென்சர் வாங்கினேன்.

கழற்றுவதுதான் பெரிய வேலை. 22 மில்லிமீட்டர் நட், முப்பது வருடச் சூட்டில் வெந்து ஒட்டிப்போயிருந்தது. முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். காலையில் ஐந்து நிமிடம் என்ஜினை ஓடவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, ஒயர் நுழைய பக்கவாட்டில் வெட்டுள்ள சாக்கெட்டை மாட்டி, நீளமான குழாயைக் கைப்பிடியில் செருகி அழுத்தினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு கிறீச், மரை உடைந்துவிட்டதோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. உடையவில்லை, சுற்றியது. வெளியே வந்த சென்சரின் முனையில் வெள்ளையாக ஒரு பூச்சு. பார்த்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது: வால்வு கவரைச் சுற்றி எப்போதோ யாரோ சிலிகான் பேஸ்ட்டை அள்ளி அப்பியிருந்தார்கள். சென்சருக்கு ஆகாத ரகச் சிலிகானின் ஆவி என்ஜின் வழியாகப் போய் இந்த முனையில் மணலாகப் படியும். கேஸ்கெட்டுக்குப் பேஸ்ட் போட வேண்டியிருந்தால், ஆக்ஸிஜன் சென்சருக்குப் பாதகமில்லை என்று டியூபில் எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

புதியதின் மரையில் மட்டும் ஒட்டாமல் இருக்கும் பேஸ்ட்டை லேசாகத் தடவி (முனையில் படவே கூடாது) மாட்டினேன். மல்டிமீட்டரை வைத்தால், 0.15, 0.8, 0.2, 0.75 என்று எண்கள் தாவிக்கொண்டே இருந்தன. மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் சும்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். என்ஜினும் இசியுவும் பல வருடத்துக்குப் பிறகு மறுபடி பேசிக்கொள்கின்றன.

இரண்டு டேங்க்: 648 கிலோமீட்டர், 58.7 லிட்டர். லிட்டருக்கு 11. நூறுக்கு 9.1. மொத்தப் பயணத்தில் ஒரே பழுதில் கிடைத்த பெரிய லாபம் இதுதான்.

அடுத்தது இக்னிஷன் டைமிங், அதாவது பிளக்கில் தீப்பொறி விழும் நேரம். தாழ்ந்த ஆர்பிஎம்மில் மிதித்தால் ஒரு சுணக்கம் இருந்தது. சிலிண்டர் ஹெட்டின் பின்னால், உள்சுவரை ஒட்டி, என்ஜின் எந்த நிலையில் சுற்றுகிறது என்று இசியுவுக்குச் சொல்லும் கேம் ஆங்கிள் சென்சர் இருக்கும். அதன் ஓ-ரிங் எண்ணெய் கசிவதற்குப் பேர்போனது. என் காரில் அது புதிதாக இருந்தது, அதாவது யாரோ சென்சரைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். கழற்றும்போது குறி வைக்காவிட்டால் திரும்ப மாட்டும்போது டைமிங் மாறிவிடும்.

டயக்னோசிஸ் பெட்டியில் டிஇஎன் என்று எழுதிய துளையையும் ஜிஎன்டி துளையையும் ஒரு ஒயர்த் துண்டால் இணைத்தேன். அதைச் செய்யாவிட்டால் இசியு தன் விருப்பத்துக்கு டைமிங்கை நகர்த்திக்கொண்டே இருக்கும், அளவு எடுக்க முடியாது. கிராங்க் புல்லியின் வெட்டில் வெள்ளைப் பெயின்ட் ஒரு பொட்டு வைத்து, டைமிங் லைட்டை அடித்தேன். 10 டிகிரியில் நிற்க வேண்டிய பொட்டு 4-இல் நின்றது. தீப்பொறி தாமதமாக வந்தால் எரிந்த வாயு பிஸ்டனைத் தள்ள வேண்டிய நேரத்தில் சூட்டில் ஒரு பங்கு வீணாக எக்ஸாஸ்ட் வழியாகப் போய்விடும். நண்பர் ஒருவர் லைட்டைப் பிடித்துக்கொள்ள, நான் சந்துக்குள் கையை விட்டு 12 மில்லிமீட்டர் போல்ட்டைத் தளர்த்தி, சென்சரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். “ஏழு... எட்டு... அண்ணே, போதும் போதும், தாண்டிட்டீங்க!” என்றார். திரும்பக் கொஞ்சம். பத்து. போல்ட்டை இறுக்கும்போது அது ஒரு டிகிரி நகரும், அதனால் இறுக்கிய பிறகு மறுபடி பார்க்க வேண்டும். ஒயர்த் துண்டை எடுக்க மறக்கக் கூடாது. கூடவே பிளக் நான்கையும் மாற்றி, இடைவெளியை 1.1 மில்லிமீட்டராக வைத்தேன். பழையவை தேய்ந்து 1.4-க்குப் போயிருந்தன.

சுணக்கம் போய்விட்டது. 655 கிலோமீட்டர், 57.6 லிட்டர். நூறுக்கு 8.8. லாபம் சின்னதுதான், ஆனால் ஓட்டுகிறவனுக்குக் கார் இளைத்த மாதிரி இருந்தது.

இதற்குப் பிறகும் ஏதோ பிடித்து இழுப்பது போன்ற ஓர் உணர்வு. ஆளில்லாத சமதளச் சாலையில் 60-ஐத் தாண்டி ஓட்டி, நியூட்ரலில் விட்டு, 60-லிருந்து 40-க்கு இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணினேன். காற்றும் சரிவும் ஏமாற்றாமல் இருக்க, இரண்டு திசையிலும் மூன்று மூன்று தடவை. சராசரி 20 விநாடி. எடை, டயர் உருளும் எதிர்ப்பு, காற்று எதிர்ப்பு எல்லாம் போட்டு நான் தாளில் கணக்கிட்டது 25-க்கு மேல். வந்து இறங்கியதும் நான்கு வீலின் பிரேக் டிஸ்க் சூட்டையும் தெர்மாமீட்டரால் அளந்தேன். முன் இரண்டும் 40 டிகிரியை ஒட்டி. பின் வலது 41. பின் இடது டிஸ்க் 94.

ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, வீலைக் கையால் சுற்றினேன். வலது வீல் விட்ட பிறகு கொஞ்சம் ஓடி நின்றது, இடது விட்ட இடத்திலேயே நின்றது. இந்த காரில் ஹேண்ட்பிரேக் பின் கேலிப்பருக்குள்ளேயே (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வி) வேலை செய்யும். அதன் நெம்புகோல் துருவால் முழுதாகத் திரும்பாமல், பேடு எப்போதும் டிஸ்க்கை உரசிக்கொண்டிருந்தது. கேலிப்பர் நகரும் ஊசிகளில் கிரீஸ் காய்ந்து கறுப்பு மெழுகாகியிருந்தது. ஊசிகளைத் துடைத்து, பிரேக்குக்கென்றே உள்ள கிரீஸ் போட்டேன். (சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும், இங்கே ஆகாது.) நெம்புகோலின் தண்டைச் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, கையால் நூறு தடவையாவது ஆட்டியிருப்பேன், ஸ்பிரிங் தானாகவே அதைத் திருப்பி இழுக்கும் வரை. பிறகு கேலிப்பரின் பின்னாலுள்ள 14 மில்லிமீட்டர் மூடிப் போல்ட்டைக் கழற்றினால், உள்ளே 4 மில்லிமீட்டர் ஆலன் கீ நுழையும் ஒரு திருகு. பேடு டிஸ்க்கைக் கவ்வும் வரை அதை இறுக்கி, அங்கிருந்து மூன்றில் ஒரு சுற்றுப் பின்னால் விட வேண்டும். அதுதான் சரியான இடைவெளி. இந்தத் திருகு இருப்பது தெரியாமல் ஹேண்ட்பிரேக் கேபிளை இழுத்து இறுக்குவதால்தான் பல எம்எக்ஸ்-5களில் பின் பிரேக் ஒட்டிக்கொள்கிறது. எனக்கு முன்னால் வேலை பார்த்தவர் அதைத்தான் செய்திருந்தார், கேபிளில் மரை மிச்சமே இல்லை.

டயர்க் காற்றும் பார்த்தேன். இந்த காருக்குச் சொல்லப்பட்ட அளவு 26 பிஎஸ்ஐ, எடை குறைவு என்பதால் குறைந்த அளவுதான். என் டயர்களில் 20-லிருந்து 22. நான்கையும் 28-இல் வைத்தேன்.

மறுபடி அதே சாலை, அதே சோதனை. 26 விநாடி. ஆறு விநாடி வித்தியாசத்தைக் கணக்கில் போட்டால் 60-லிருந்து 70 நியூட்டன் வரை ஒரு தடை விலகியிருக்கிறது. 100 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் அளவுக்கு மிச்சமாக வேண்டும் என்று நோட்டில் முன்கூட்டியே எழுதிவைத்தேன். அடுத்த மூன்று டேங்க்: 1,017 கிலோமீட்டர், 83.4 லிட்டர். நூறுக்கு 8.8 என்பது 8.2 ஆகியிருந்தது. கணக்கும் சாலையும் இவ்வளவு பக்கத்தில் வந்து நின்றதைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் பெட்ரோல் மிச்சமானதில்கூட வரவில்லை. லிட்டருக்கு 12.2.

பயன் தராதவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஏர் ஃபில்டர் மாற்றினேன், நோட்டில் எந்த அசைவும் இல்லை. இன்ஜெக்ஷன் என்ஜினில் உள்ளே போகும் காற்றை அளந்துதான் பெட்ரோல் விடப்படுகிறது. ஃபில்டர் கொஞ்சம் அடைத்தால் நாம் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அதிகம் மிதிப்போம், அவ்வளவுதான். முழு வேகம் குறையும், மைலேஜ் பெரிதாகக் குறையாது. அதிக ஆக்டேன் பெட்ரோல் இரண்டு டேங்க் போட்டேன், அதுவும் ஒன்றுமில்லை. கம்ப்ரஷன் 9.4-க்கு 1, பெட்ரோல் நேரம் தவறி வெடிப்பதைக் கேட்டுச் சொல்லும் நாக் சென்சரும் கிடையாது. நல்ல பெட்ரோல் போட்டதைத் தெரிந்துகொண்டு டைமிங்கை முன்னுக்கு நகர்த்த இந்த இசியுவுக்கு வழியே இல்லை.

இனி மிச்சமிருப்பது காரின் இயல்பு. ஐந்தாம் கியரில் உண்மையான 100 கிலோமீட்டர் வேகத்தில் என்ஜின் 3,400 ஆர்பிஎம் சுற்றுகிறது. சீறிப் பாய்வதற்கென்று வைத்த கியர் விகிதம் அது, நெடுஞ்சாலையில் சும்மா போகும்போதும் அதே வேகத்தில் சுற்றத்தான் வேண்டும். காற்று எதிர்ப்பும் அழகான தோற்றத்துக்கு ஏற்றபடி இல்லை. குணகம் துணிக்கூரை மூடியிருக்கும்போதே 0.38 அளவுக்கு வரும். 100-இல் போகும்போது என்ஜின் செய்யும் வேலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காற்றைத் தள்ளுவதற்கே போகிறது என்று என் கணக்கு. எடை குறைவாக இருப்பது ஊருக்குள் நின்று நின்று கிளம்பும்போதுதான் உதவும், நெடுஞ்சாலையில் காற்றுக்கு எடை தெரியாது.

ஒரே சாலையில் 240 கிலோமீட்டர் போய்வந்து போய்வந்து பார்த்தேன். கூரை மூடி 90-இல் லிட்டருக்கு 14.6. கூரை மூடி 115-இல் 11.9. கூரையைத் திறந்து 100-இல் போனால், மூடிப் போவதைவிடக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் குறைவு. அந்த ஒரு கிலோமீட்டரை நான் மனதாரக் கொடுத்துவிடுகிறேன். வானம் தெரிய ஓட்டத்தான் இந்த கார்.

இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் பலருக்கு உண்டு. இந்தப் பழைய இசியுவிலும் கியரில் இருந்தபடி காலை எடுத்தால் பெட்ரோல் தெளிப்பு முழுதாக நின்றுவிடும். ஆர்பிஎம் ஐடிலை (மிதிக்காமல் விட்டால் என்ஜின் சுற்றும் வேகம்) நெருங்கினால்தான் மறுபடி தொடங்கும். நியூட்ரலில் விட்டால் ஐடிலுக்குப் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும், என்ஜின் பிரேக்கும் கிடைக்காது. மலை இறக்கத்தில் இரண்டு வகையிலும் கெடுதல்.

மலைச் சாலைக்கென்றே ஒரு டேங்க் வைத்தேன். இரண்டு, மூன்று, மறுபடி இரண்டு என்று கியர் மாற்றி, 7,000-ஐத் தொட்டு, வளைவுக்கு வளைவு. லிட்டருக்கு 9.6. பழுதுகளோடு சாதுவாக ஓட்டியபோது கிடைத்ததைவிட, பழுது நீங்கி மலையில் விரட்டியபோது அதிகம் கிடைத்திருக்கிறது. நோட்டில் அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

போன மாதம் 15 அங்குல டயர்கள் தேய்ந்து முடிந்தன. அலாய் வீலைக் கழற்றிவைத்துவிட்டு, 14 அங்குல வீலும் 185/60 டயரும் தேடிப் போட்டேன். 100-இல் 3,400 ஆக இருந்தது 3,260-ஐ ஒட்டி இறங்கியது. ஒவ்வொரு வீலையும் கையில் தூக்கிப் பார்த்தாலே எடை குறைவு தெரிகிறது, வளைவில் ஸ்டியரிங்கும் மென்மையாகிவிட்டது. ஜிபிஎஸ்ஸோடு 50 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன், மீட்டரும் 50-லேயே வந்து நின்றது. முதல் டேங்க்கை நேற்று நிரப்பினேன்: 380 கிலோமீட்டர், 30.2 லிட்டர், லிட்டருக்கு 12.6. இந்தத் தடவை 0.963-ஆல் பெருக்கவில்லை.